புதுப்பித்தலின் காலமும் செலவும்: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் பராமரிப்பு வரலாறு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று இன்று வழங்கும் தெருவின் வரலாறு, பெரும்பாலும் அங்குள்ள வழிபாட்டிடங்கள் தோன்றிய ஆண்டுகளைக் கொண்டே சொல்லப்பட்டு வருகிறது. 1800இல் சீனர்கள் நிறுவிய குவான் யின் கோயில், 1801இல் கிடைத்த மானிய நிலத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், அதே காலத்தில் இந்துக்களுக்குக் கிடைத்த நிலத்தில் சிறு சன்னிதியாகத் தொடங்கி 1833இல் விரிவுபெற்ற மகா மாரியம்மன் கோயில், 1818இல் கட்டிமுடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கும் ஒரே தெருவை ஒட்டி நிற்பது வியப்புக்குரியதுதான். ஆயினும், தொடக்க ஆண்டு ஒரு கட்டடம் எப்போது கட்டப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாது. எதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, அதற்கான பணத்தை எவ்வழியில் திரட்டுவது என்னும் இரு கேள்விகளுக்கு ஒவ்வொரு சமூகமும் கண்ட விடைகளே அந்தக் கட்டடங்களைக் காத்தன. அவ்விடைகள் தவறிய காலங்களில் தெருவும் சிதைந்தது. இந்தப் பார்வையில் நோக்கும்போது, கட்டியவர்களின் வரலாற்றுக்கு இணையாகப் பழுதுபார்த்தவர்களின் வரலாறும் எழுதப்பட வேண்டியதாகிறது.

தெருவும் அதன் குடிகளும்

1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்ட பிறகு, தீவின் வடகிழக்கு முனையில் கட்டம் கட்டமாகத் தெருக்கள் வகுக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றுக்கு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் நினைவாகப் பிட் தெரு என்று பெயரிடப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, சூலியர் என்று குறிக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடியிருந்ததாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து உழைத்துச் சிறிது பொருள் சேர்த்துத் திரும்பியதாகவும் லைட் தம் இறுதி ஆண்டுகளில் பதிவுசெய்துள்ளார். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த வணிகரான காதர் முகைதீன் மரைக்காயர் இச்சமூகத்தின் தலைவராக ஏற்கப்பட்டுக் கப்பித்தான் என்னும் பதவியைப் பெற்றார். கப்பித்தான் என்போர் ஒவ்வோர் இனக்குழுவின் வழக்குகளையும் ஒழுங்கையும் அரசின் சார்பில் கவனித்த தலைவர்கள். கெலிங் என்பது அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்க வழங்கிய பெயர். 1801இல் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத் 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென அளித்தார். அங்கே கப்பித்தானின் முயற்சியில், இந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்ட கொத்தனார்களையும் பொருள்களையும் கொண்டு தொழுகையிடம் எழுந்தது. பிற்காலத்தில் தெருவின் பெயரே இப்பள்ளிவாசலின் பெயராக மாற்றப்பட்டது.

சுண்ணாம்பின் ஆயுள்

இத்தெருவில் புதுப்பித்தல் ஏன் தவிர்க்க முடியாததாயிற்று என்பதை அறியக் கட்டுமானப் பொருள்களின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்ற, ஆண்டு முழுதும் ஈரக்காற்று நிலவுகின்ற, கடலுக்கு நடைதொலைவில் அமைந்த நிலத்தில், அதிகம் வேகாத செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே சுவர்கள் எழுப்பப்பட்டன. இத்தகைய சுவர் அடித்தளத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும் இயல்புடையது. ஓதம் என்று கொத்தனார்கள் சொல்லும் இவ்வீரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு ஏறி, சுவரின் முகத்தில் நீர் ஆவியாகும் இடத்தில் உப்பை விட்டுச்செல்கிறது. உப்பு படிகமாகும்போது விரிந்து தன்னைச் சுற்றியுள்ள பொருளை நொறுக்குவதால், நொறுங்குவது செங்கல்லா மேற்பூச்சா என்பதே கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. செங்கல்லைவிட மென்மையான சுண்ணாம்புப் பூச்சு அந்தச் சேதத்தைத் தான் ஏற்றுக்கொண்டு உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல்லைக் காக்கிறது. இவ்வாறு அடிக்கடி மாற்ற வேண்டிய மலிவான அடுக்கு, அரிதாக மட்டுமே மாற்றக்கூடிய அரிய பகுதியைக் காத்தது.

இதன் விளைவாக ஒரே கட்டடத்தில் பல காலச்சுற்றுகள் ஒருங்கே இயங்கின. வெள்ளையடிப்பு எனப்படும் சுண்ணாம்புநீர்ப் பூச்சு பெருநாளையோ திருவிழாவையோ ஒட்டி ஆண்டுதோறும் செய்யத்தக்கது. அதன் செலவு சிறிது, அதற்குத் தனித்தேர்ச்சியும் பெரிதாக வேண்டியதில்லை. சரிந்த ஓடுகளைத் திருப்பி அடுக்குவதும் உடைந்தவற்றை மாற்றுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவன; இவற்றைத் தள்ளிப்போட்டால் மழைநீர் உத்திரங்களில் இறங்கி, கரையானுக்கும் பூஞ்சைக்கும் வழிவிடுகிறது. காரைப் பூச்சை உரித்து மீளப் பூசுவது ஒரு தலைமுறையில் ஓரிரு முறை நேர்வது. உத்திரங்களையும் கூரைச்சட்டங்களையும் மாற்றுவது அதனினும் அரிது. கீழ்நிலைச் செலவு ஒழுங்காக நடந்தவரை மேல்நிலைச் செலவு தொலைவில் இருந்தது. ஆண்டுப் பூச்சு நின்றால் காரையும், காரை நின்றால் செங்கல்லும், ஓடு நின்றால் உத்திரமும் முன்கூட்டியே கெட்டு, சிறுதொகையில் முடிந்திருக்க வேண்டியது பெருந்தொகையாய்த் திரண்டது.

சுண்ணாம்புத் தொழிலின் நுட்பத்தைப் பற்றிய சிறந்த சான்று ஒன்றை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் பொறியாளராகப் பணியாற்றிய ஜே. எப். ஏ. மெக்நேர் 1899இல் வெளியிட்ட, இந்தியக் கைதிகளைப் பற்றிய தம் நூலில் விட்டுச்சென்றுள்ளார். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு பூசப்பட்டபோது, மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, சுவரில் பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர் என்று அவர் எழுதுகிறார். தமிழகத்தில் கடுக்காய்நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைக்கும் மரபோடு நெருங்கிய உறவுடைய இம்முறையைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்களுள் கூலித் தொழிலாளர்களும் கொத்தனார்களும் மட்டுமின்றி, நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகளும் இருந்தனர். தெருவின் வடமுனையில் நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் கம்பெனியின் பணத்திலும் இந்தியக் கைதிகளின் உழைப்பிலும் உருவானதே ஆகும். அதன் முதல் கூரை தட்டையாக அமைந்திருந்தது. இம்மழைக்கு அது ஒவ்வாது என்பது காலப்போக்கில் தெளிவானதால், 1864இல் சரிவுக்கூரையாக மாற்றப்பட்டது. பழுதுபார்ப்பு பழையதை அப்படியே மீட்பது மட்டுமன்று, முதல் கட்டுமானத்தின் பிழையைத் திருத்தும் வாய்ப்புமாகும் என்பதற்கு இது தக்க சான்று.

வக்ஃபு: முடிவில்லாச் செலவுக்கு முடிவில்லா வருவாய்

ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வருவாயே பொருந்தும் என்னும் அறிவு இத்தெருவின் குடிகளுக்குப் புதிதன்று. தமிழகத்துக் கோயில் கல்வெட்டுகளில் விளக்குக்கும் நிவேதனத்துக்கும் விடப்பட்ட நிலங்களோடு, பழுதுபார்ப்பதற்கெனத் தனியே விடப்பட்ட புதுக்குப்புறம் என்னும் நிலவகையும் காணப்படுகிறது. இசுலாமிய மரபில் இதே பணியைச் செய்தது வக்ஃபு. வக்ஃபு என்பது ஒருவர் தம் சொத்தை விற்கவோ கொடுக்கவோ வாரிசுக்கு விடவோ இயலாதவாறு இறைவழியில் நிலைநிறுத்தி, அதன் வருவாயை மட்டும் குறித்த நற்பணிக்கு ஒதுக்கும் ஏற்பாடு. அதை நிர்வகிப்பவர் முத்தவல்லி எனப்படுவார். வக்ஃபின் வருவாயில் முதல் உரிமை அச்சொத்தின் பராமரிப்புக்கே உரியது, எஞ்சியதே பயனாளிகளுக்குச் சேரும் என்று இசுலாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்திருப்பது இங்கே மிக முக்கியமானது. ஏனெனில், கட்டடம் இடிந்தால் வருவாயும் இல்லை, வருவாய் இல்லையேல் நற்பணியும் இல்லை என்னும் பொருளியல் உண்மையை அது சட்டமாகவே ஆக்கியது.

18 ஏக்கர் மானியம் இந்நோக்கில் பார்க்கத்தக்கது. தொழுகைக் கூடத்துக்கும் அடக்கத்தலத்துக்கும் அவ்வளவு நிலம் தேவையில்லை. குடியிருப்புகளும் கடைகளும் அமைந்து வாடகை ஈட்டும்போதுதான் அந்நிலம் பள்ளிவாசலைத் தாங்கும் வருவாய்நிலமாக மாறும். 1834இல் மறைந்த காதர் முகைதீனும் அவரை அடுத்து வந்த செல்வர்களும் மேலும் சொத்துகளை வக்ஃபாக விட்டனர். பள்ளிவாசலைச் சுற்றியும் சூலியா தெரு, கம்போங் கோலம் ஆகிய பகுதிகளிலும் அடக்கத்தலங்கள், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையிலுள்ள நாகூர் தர்கா முதலியவை எழுந்து, ஒரு முழுச் சமூகத்தின் அற நிலப்பரப்பு உருவாயிற்று. நினைவு நாளில் ஏழைகளுக்கு உணவளிக்கும் கந்தூரி, ஓதுவோருக்கான ஊதியம், பள்ளிவாசலின் விளக்கு, பாய், நீர்த்தொட்டி, பழுதுபார்ப்பு ஆகிய யாவும் வாடகையிலிருந்தே நடைபெறும் என்பதே நிறுவியவர்களின் எண்ணம்.

அவ்வெண்ணத்தைக் காலனியச் சட்டம் குலைத்தது. ஆங்கிலச் சட்டத்தின்படி, பொதுநல அறமாக ஏற்கப்படாத ஒரு நோக்கத்துக்குச் சொத்தை என்றென்றைக்குமாகக் கட்டிவைப்பது செல்லாது. இதனை நிரந்தரத் தடைவிதி எனலாம். 1871இல் தீர்ப்பான ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில், பினாங்கு முஸ்லிம் ஒருவரின் உயிலுக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று நீதிமன்றம் கொண்டது. 1875இல் லண்டனிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், பினாங்குச் சீனக் குடும்பமொன்றின் வழக்கில், முன்னோர் வழிபாட்டுக்கென ஒதுக்கிய வீட்டை இதே விதியின் அடிப்படையில் செல்லாததாக்கியது. பொதுத் தொழுகைக்கான பள்ளிவாசல் இவ்விதியிலிருந்து தப்பினாலும், குடும்ப அடக்கத்தலங்களையும் நினைவு நாள் கந்தூரிகளையும் தாங்கிய அறச்சொத்துகள் உறுதியிழந்தன. வழக்குச் செலவும், வாரிசுகளின் பிணக்கும், கணக்குக் காட்டாத நிர்வாகமும் சேர்ந்து, வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் இடையே நிறுவியவர்கள் அமைத்திருந்த தொடர்பை அறுத்தன.

வாரியமும் பெருமறுகட்டுமானமும்

இந்நிலையில் நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அறங்காவலர் இல்லாத, அல்லது நோக்கத்துக்கு மாறாக நிர்வகிக்கப்படும் அறக்கட்டளைகளை அரசு நியமிக்கும் வாரியம் ஏற்று நடத்தலாம் என்பது அதன் சாரம். அதன்படி பினாங்கில் 1906இல் வாரியம் செயல்படத் தொடங்கியது. வாடகையை முறையாகத் திரட்டிக் கணக்கில் வைக்கும் வாய்ப்பு கிடைத்ததும், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்ட வேலை ஒரே பெரும் பணியாக நிறைவேறியது. 1910இல் கட்டடக் கலைஞர் எச். ஏ. நியூபிரானரின் வடிவமைப்பில் பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டு, கும்மட்டங்களும் ஸ்தூபியும் கொண்ட முகலாயப் பாணித் தோற்றத்தைப் பெற்றது. 1930களில் தொழுகைக் கூடத்தின் உயரம் கூட்டப்பட்டு, காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகுமாறு மீண்டும் திருத்தப்பட்டது. இன்று பயணிகள் காணும் பள்ளிவாசல் 1801இன் கட்டடம் என்று சொல்லப்பட்டாலும், அதன் உருவம் பெரும்பாலும் இவ்விரு புதுப்பித்தல்களின் விளைவே.

இம்மறுகட்டுமானத்தின் செலவைப் பணத்தால் மட்டும் அளந்தால் போதாது. பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கியிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, பக்கிங்ஹாம் தெரு போன்ற புதிய தெருக்கள் வக்ஃபு நிலத்தினூடே திறக்கப்பட்டு, வாடகைக்கான வரிசைக் கடைவீடுகள் எழுந்தன. நகராட்சியின் சுகாதார நோக்கிலும் வாரியத்தின் வருவாய் நோக்கிலும் இது முன்னேற்றமே. ஆனால் பள்ளிவாசலின் நிழலில் தலைமுறைகளாக வாழ்ந்த எளிய குடும்பங்களுக்கு அது இடப்பெயர்வு. கட்டடத்தைப் புதுப்பிக்கத் தேவையான வருவாயைப் பெருக்குவதற்காக, அக்கட்டடத்தை நாள்தோறும் பயன்படுத்திய மக்களில் ஒரு பகுதியினர் விலகிச்செல்ல நேர்ந்தது என்னும் முரண், பின்னர் இத்தெருவில் மீண்டும் ஒருமுறை நிகழவிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுச் சுற்று

தெருவின் மறுபுறத்தில், குயின் தெருவை நோக்கி வாயிலும் இச்சாலையை ஒட்டிப் பின்மதிலும் கொண்ட மகா மாரியம்மன் கோயில், புதுப்பித்தலுக்கு வேறொரு விடையைத் தந்தது. ஆகம மரபு பழுது தோன்றும்வரை காத்திராமல், பழுதுபார்ப்பதற்கான காலத்தையே முன்கூட்டிக் குறித்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது பொதுவழக்கு. குடமுழுக்குகள் நால்வகைப்படும்: புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம், வெள்ளத்தாலோ நெடுங்காலம் பூசையற்றோ பாழ்பட்ட கோயிலுக்குச் செய்வது அநாவர்த்தம், கருவறை, கோபுரம் முதலியவற்றின் சிதைவைச் சீர்செய்தபின் செய்வது புனராவர்த்தம், தூய்மை கெடும் நிகழ்வு நேர்ந்தால் செய்வது அந்தரிதம். வழக்கமான பன்னிரண்டு ஆண்டுத் திருப்பணி புனராவர்த்தத்தைச் சேர்ந்தது.

இக்கால அளவு வெறும் சடங்கு எண் அன்று என்பதை அஷ்டபந்தனம் காட்டுகிறது. மூலத்திருமேனியைப் பீடத்தோடு இறுக்கும் எட்டுப் பொருள் கலவையே அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றை இடித்து, இளக்கி, சூடு ஆறுமுன் பீடத்தின் இடுக்கில் அழுத்துவார்கள். நாள்தோறும் நீரும் பாலும் எண்ணெயும் வழியும் இடத்தில், திருமேனியின் அடியில் ஈரம் இறங்காமல் தடுப்பது இம்மருந்தே. ஆண்டுகள் செல்லச்செல்ல அது இறுகி, வெடித்து, விட்டுப்போகிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுச் சுற்று என்பது, தேயும் பொருளின் ஆயுளை வழிபாட்டு நாட்காட்டியில் பொறித்துவைத்த ஏற்பாடாகும். அந்நாளை ஒட்டித் தெய்வ சக்தியைக் குடத்திலும் சிறு திருவுருவிலும் ஏற்றிப் பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சன்னிதியில் வைத்த பிறகு, கோயில் முழுவதும் கொத்தனாரின் கைக்கு வருகிறது: கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் சீர்செய்யப்பட்டு வண்ணம் பெறுகின்றன, தளம் ஒழுகும் இடங்கள் அடைக்கப்படுகின்றன, கலசங்கள் இறக்கப்பட்டுத் தானியம் மாற்றப்படுகிறது.

செலவைத் திரட்டும் முறையும் இங்கே வேறு. பெருநில வருவாய் குறைந்த கடல்கடந்த கோயில்களில் திருப்பணிச் செலவு உபயங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒரு சன்னிதியை ஒரு குடும்பமும், ஒரு கலசத்தை ஒரு தொழிற்குழுவும், யாகசாலையின் ஒருநாள் செலவை மற்றொருவரும் ஏற்கிறார்கள். துறைமுகத்தில் சுமைதூக்கிய தொழிலாளியின் சிறு காணிக்கையும் வணிகரின் பெருந்தொகையும் ஒரே நோக்கில் சேரும் இம்முறை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தலைமுறையைத் தன் கோயிலுக்குப் பொறுப்பாக்குகிறது. அதன் வலிமை பங்கேற்பு. அதன் குறை, விழா முடிந்த மறுநாள் முதல் அடுத்த சுற்றுவரை நேரும் சிறு பழுதுகளுக்கு நன்கொடையாளரை ஈர்ப்பது கடினம் என்பது. மேலும், ஸ்தபதிகளும் சிற்பிகளும் இன்றும் தமிழகத்திலிருந்தே வர வேண்டியிருப்பதால், பயணம், அனுமதி, தங்கல் ஆகியவை பொருட்செலவுக்கு நிகரான சுமையாகின்றன.

இவ்விரு முறைகளோடு தெருவின் மற்ற இரு வழிபாட்டிடங்களையும் சேர்த்து நோக்கினால், நால்வகைச் செலவு ஏற்பாடுகள் ஒரே தெருவில் அருகருகே இயங்கியது புலப்படும். பள்ளிவாசல் வாடகை வருவாயையும், மாரியம்மன் கோயில் காலமுறை உபயத்தையும், குவான் யின் கோயில் நாள்தோறும் சேரும் ஊதுபத்தி, எண்ணெய்க் காணிக்கையோடு பெரும்பணிகளுக்குக் கல்லில் பெயரும் தொகையும் பொறிக்கப்படும் நன்கொடையையும், தேவாலயம் தொடக்கத்தில் அரசின் கருவூலத்தையும் சார்ந்திருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ் டவுன் மீது குண்டுவீசியபோது சேதமுற்றுக் கொள்ளையும் போன தேவாலயம், 1948இல்தான் மீண்டும் சீராயிற்று. ஒரே ஊற்றை நம்பிய கட்டடம் அந்த ஊற்று வற்றும் காலத்தில் நெடுநாள் காத்திருக்க நேர்கிறது. பல கைகளைச் சார்ந்த கட்டடம் விரைவில் மீள்கிறது.

சுற்று அறுந்த காலம்

இருபதாம் நூற்றாண்டில் இரு மாற்றங்கள் பழைய காலச்சுற்றைக் குலைத்தன. முதலாவது சிமெண்ட். கடினமானது, விரைவில் இறுகுவது, ஆண்டுதோறும் பூச வேண்டாதது என்னும் காரணங்களால் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் நீர்புகாச் சாயமும் பிடித்தன. ஆனால் ஈரத்தை வெளியேற விடாத இவ்வடுக்கு ஓதத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்து மேலும் உயரச் செய்தது. உப்பு, பூச்சை விட்டுச் செங்கல்லைத் தின்றது. பராமரிப்பு வேண்டாத பொருள் என்று வாங்கப்பட்டது, பராமரிப்பைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஒத்திப்போட்ட பொருளாக முடிந்தது. சுதைச் சிற்பங்களிலும் சுண்ணாம்புக்கு மாறாகச் சிமெண்டும் உள்ளே இரும்புக் கம்பியும் புகுந்தபோது, கடற்காற்றில் கம்பி துருவேறி விரிந்து சிற்பத்தையே பிளக்கும் இடர் தோன்றியது.

இரண்டாவது மாற்றம் வாடகைக் கட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வீட்டுத் தட்டுப்பாட்டில் குடியிருப்போரைக் காக்கும் நல்ல நோக்கில் கொண்டுவரப்பட்டு, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற இவ்வேற்பாடு, 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உறையவைத்தது. மலேசியாவிலேயே இத்தகைய கட்டடங்கள் மிகுந்த நகரம் ஜார்ஜ் டவுன். கடைவீடுகளின் முன்புறக் கூரைநடையான ஐந்தடிப் பாதையின் பொன்வேலைக்காரரும் பணமாற்றுவோரும் புத்தகக் கடைக்காரரும் சோற்றுக் கடைக்காரரும் நகர நடுவில் நிலைத்திருக்க இதுவே காரணம். அதே வேளையில், ஒரு கூரையை மாற்றும் செலவை ஈட்டப் பல ஆண்டு வாடகையும் போதாத நிலையில், உரிமையாளர்களும் அறக்கட்டளைகளும் பழுதுபார்ப்பதைக் கைவிட்டன. வக்ஃபைப் பொறுத்தவரை இதன் விளைவு இருமடங்கு: வாடகை தந்த கடைவீடுகள் சிதைந்ததோடு, அவ்வாடகையால் காக்கப்பட வேண்டிய அடக்கத்தலங்களும் சிறு தொழுகையிடங்களும் ஆதரவிழந்தன.

1997இல் சட்டம் நீக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31உடன் கட்டுப்பாடு முற்றிலும் முடிந்தபோது, ஒத்திப்போடப்பட்ட அரை நூற்றாண்டின் செலவு ஒரே நாளில் குடியிருப்போர் தலையில் இறங்கியது. வாடகை பன்மடங்கு உயர, பழைய குடும்பங்களும் தொழில்களும் வெளியேறின. நூறு ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசல் நிலத்தில் நிகழ்ந்த இடப்பெயர்வு இம்முறை நகர மையம் முழுவதிலும் நிகழ்ந்தது. வாடகை மிகத் தாழ்ந்தால் கட்டடம் அழிகிறது, திடீரென மிக உயர்ந்தால் மக்கள் அகல்கிறார்கள் என்பதை இத்தெரு தன் அனுபவத்தால் அறிந்துகொண்டது.

மரபுரிமைக் காலத்தின் கணக்கு

2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன; 109.38 ஹெக்டர் மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த 150.04 ஹெக்டர் காப்புப் பகுதியுமாக வரையறுக்கப்பட்ட நகரில் இத்தெரு மையத்தில் அமைகிறது. இதன்பின் பழுதுபார்ப்பு உரிமையாளரின் தனிவிருப்பமாக இல்லாமல் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பொதுக்கடமையாயிற்று. சிமெண்டுப் பூச்சை உரித்தெடுத்து, சுவரிலுள்ள உப்பை வெளியேற்றி, மீண்டும் சுண்ணாம்பு பூசும் வேலையே பல சீரமைப்புகளின் முதற்படியாக அமைந்திருக்கிறது. இதில் உண்மையான செலவு சுண்ணாம்பின் விலையில் இல்லை. சுண்ணாம்பை நீற்றி, ஆறவைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்வரை காத்திருக்கத் தெரிந்த கைகள் அருகிப்போனதிலேயே அது இருக்கிறது. ஒரு தலைமுறை ஆண்டுதோறும் செய்த வேலையை மறு தலைமுறை கைவிட்டால், மூன்றாம் தலைமுறை கட்டடத்துக்கான செலவோடு அறிவை மீட்பதற்கான செலவையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

சீரமைப்பு ஒரு நிகழ்வாகக் கருதப்படும் போக்கும் கவலைக்குரியது. ஒருமுறை பெருந்தொகை செலவிட்டு, திறப்புவிழா நடத்தி, கல்வெட்டுப் பதித்துவிட்டால் கடமை முடிந்தது என்னும் எண்ணம், சுண்ணாம்பின் இயல்புக்கும் வக்ஃபின் தத்துவத்துக்கும் ஆகமத்தின் காலக்கணக்குக்கும் ஒருங்கே முரணானது. உதிர்வதற்கென்றே பூசப்படும் பூச்சு சில ஆண்டுகளில் உதிரத்தான் செய்யும். அதைத் தரக்குறைவு என்று கருதி மீண்டும் சிமெண்டுக்குத் திரும்பினால், பெருஞ்செலவில் ஈட்டிய பயன் வீணாகும். சீரமைப்புக்கான ஒவ்வொரு திட்டமும், அதை அடுத்துவரும் ஆண்டுப் பராமரிப்புக்கான நிதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நேரடியாகப் பெறப்படும் முடிவு.

இத்தெருவின் மூன்று மரபுகள் அதற்கான வழியையும் தம்முள் வைத்திருக்கின்றன. வருவாயில் முதற்பங்கைக் கட்டடத்துக்கே ஒதுக்குவது வக்ஃபு கற்பிக்கும் நெறி; பழுது கண்ணில் படுமுன் காலத்தைக் குறித்துவைப்பது ஆகமம் கற்பிக்கும் நெறி; மலிவான அடுக்கை அடிக்கடி புதுப்பித்து அரியதைக் காப்பது கொத்தனாரின் நெறி. இம்மூன்றையும் இணைத்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் எந்த வேலை எந்த ஆண்டில், எவரால், எந்தச் சாந்தில், எவ்வளவு செலவில் செய்யப்பட்டது என்னும் பதிவேட்டைப் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் கடைவீட்டு உரிமையாளர்களும் பேணத் தொடங்கினால், நிறுவியவர்களின் பெயர்ப்பட்டியலுக்கு அப்பால் விரியும் ஒரு வரலாறு கிடைக்கும். கொடையாளரும் கப்பித்தானும் கட்டடக் கலைஞரும் இடம்பெறும் பக்கத்திலேயே, ஆண்டுதோறும் ஏணியேறி வெள்ளையடித்தவரும் ஓடு திருப்பியவரும் மருந்து இடித்தவரும் இடம்பெறுவர். அடுத்த புதுப்பித்தலுக்குப் பொறுப்பேற்போர் எதை, எப்போது, எவ்வளவில் செய்ய வேண்டும் என்பதை ஊகிக்காமல் அறிந்து செய்வர்.